காத்திருக்கத் தெரிந்த சாப்பாடு: ஜொகானஸ்பர்க் குளிரில் 25 பேருக்குச் சமைத்தல்

ஊரில் ஆடி என்றால் அம்மியை நகர்த்தும் காற்று நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் பஞ்சாங்கம் அதேதான், பருவம்தான் தலைகீழ். மார்கழிக் கோலத்தைக் கோடை வெயிலில் போடுகிறோம். ஆடிக் கூழ் ஊற்றும்போது கை விறைத்துப் போகிறது. டர்பனில் இந்தக் குளிரை ஒரு கம்பளிச் சட்டையோடு சமாளித்துவிடலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜொகானஸ்பர்க்கில் அது நடக்காது. ஜூலை இரவுகளில் வெப்பம் சாதாரணமாக 4 டிகிரி வரை இறங்கும். காலையில் புல்தரை உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். வீடுகளில் பெரும்பாலும் நடுவண் சூடேற்றும் வசதி கிடையாது என்பதால், சாப்பாட்டு மேசையும் தட்டும் நாற்காலியும் வெளியே இருக்கும் அதே குளிரில்தான் இருக்கும்.

இந்தப் பருவத்தில் கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ டர்பனிலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்தும் உறவினர் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு முதல் முறையாகச் சமைக்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காக அண்மையில் இங்கு வந்து குடியேறியவர்களையும், அம்மாவின் சமையலறையை விட்டுத் தனிக்குடித்தனம் வந்த நம் வீட்டுப் பிள்ளைகளையும் மனதில் வைத்திருக்கிறேன். நான்கு பேருக்கு நன்றாகச் சமைக்கத் தெரிந்தவர் 25 பேருக்குச் சமைக்கும்போது தடுமாறுவது ருசியில் அல்ல; நேரத்திலும் சூட்டிலும்தான்.

என்ன சமைப்பது

டர்பனிலிருந்து வருகிறவர்கள் என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர் போல ஓட்டி வர வேண்டும். அவர்கள் ஆறு மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்வதை யாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். வான் ரீனன் கணவாயில் லாரி கவிழ்ந்தால் இரண்டு மணி நேரம் போகும். 2024 செப்டம்பரில் பனி பொழிந்து அந்தச் சாலையே மூடப்பட்டு, வண்டிகள் இரவு முழுவதும் அங்கேயே நின்றன. ஆகவே பட்டியல் போடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பதார்த்தம் மூன்று மணி நேரம் காத்திருக்குமா என்பதே. பொரித்தவை காத்திருக்காது, தோசை காத்திருக்காது, மீன் காத்திருக்கவே காத்திருக்காது. எலும்போடு வெந்த ஆட்டுக்கறி, சுகர் பீன்ஸ் என்று இங்கே சொல்லும் சிவப்புப் புள்ளி அவரையின் கறி, ரசம் ஆகியவை காத்திருக்கும். முதல் இரண்டும் மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும்.

பிரியாணி செய்தால் என்ன என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். இங்குள்ள பிரியாணியில் பழுப்பு மசூர்ப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேரும். பக்கத்தில் தாலும் மோரும் வைத்துச் சாப்பிட அருமையாக இருக்கும். ஆனால் தம் போட்ட பெரிய பாத்திரத்தின் அடி பிடித்தால் மேலே உள்ளதும் சேர்ந்து கெடும். மூடியைத் திறந்து திருத்த வழியில்லை. முதல் விருந்துக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

என் பட்டியல் இவ்வளவுதான்: வந்தவுடன் குவளையில் மிளகு ரசம்; பிறகு சோறு, ஆட்டுக்கறி, சுகர் பீன்ஸ், கேரட் சம்பல், ரொட்டி; கடைசியில் ரவை இனிப்பான சோஜி. பீன்ஸ் பாத்திரத்தில் எக்காரணம் கொண்டும் இறைச்சி சேர்க்காதீர்கள். குளிர்காலத்தில் ஆட்டுக்கால் போட்ட பீன்ஸ் நம் வீடுகளில் பேர்போன சாப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு விரதம் இருந்து இறைச்சியைத் தவிர்ப்பவர்கள், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்பவர்கள் என்று 25 பேரில் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கப் பதார்த்தத்தைப் பிரதானமாக வைப்பது விருந்து ஆகாது. அந்த பீன்ஸ் யாருக்கும் முழுச் சாப்பாடாக நிற்க வேண்டும். அதற்குத் தனி அகப்பையும் வேண்டும்.

மூன்று நாள் முன்பு: அளவும் பாத்திரமும்

25 பேருக்கு எலும்போடு கூடிய ஆட்டுக்கறி 6 கிலோ, உருளைக்கிழங்கு 3.5 கிலோ, உலர்ந்த சுகர் பீன்ஸ் 1.5 கிலோ, நீள் புழுங்கல் அரிசி 2.5 கிலோ, வெங்காயம் 2.5 கிலோ, தக்காளி 3 கிலோ, ரவை 750 கிராம் போதும். ரொட்டியும் இருப்பதால் அரிசியை ஆளுக்கு 100 கிராமுக்கு மேல் போட வேண்டியதில்லை. குறைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு வாங்குவது புதிதாகச் சமைப்பவர்களின் வழக்கம். பயம் தீரவேண்டுமானால் பீன்ஸை மட்டும் கூட்டுங்கள். விலையும் குறைவு, மிஞ்சினாலும் வீணாகாது.

கறிக்கு 20 லிட்டர் பாத்திரம், சோற்றுக்கு 15 லிட்டர், பீன்ஸுக்கு 10 லிட்டர் தேவை. இவற்றை விலை கொடுத்து வாங்காதீர்கள். கல்யாணச் சமையல் பார்த்த ஏதாவது ஒரு அத்தை வீட்டுக் கொட்டகையில் இவை கவிழ்ந்து கிடக்கும்; கேட்டால் பாத்திரத்தோடு ஆலோசனையும் இலவசமாக வரும். அடி கனமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெல்லிய அலுமினியப் பாத்திரமாக இருந்தால் அடுப்புக்கும் அதற்கும் இடையில் ஒரு பழைய தோசைக்கல்லை வைத்துக்கொள்ளுங்கள். போய்க்கி என்ற மூன்று கால் வார்ப்பிரும்புப் பானை இருந்து, முற்றத்தில் விறகுத் தீ மூட்ட இடமும் இருந்தால் பீன்ஸுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. இரும்பு சூட்டை விடாமல் பிடித்து வைக்கும்.

இறைச்சிக் கடையில் தொடைக்கறி மட்டும் கேட்காதீர்கள். முன்சந்து, கழுத்து, முழங்கால் மூன்றும் கலந்து கேளுங்கள். மெதுவாக வேகும்போது எலும்பை ஒட்டிய சவ்வு கரைந்து குழம்புக்குக் கனம் கொடுக்கும். வெறும் தொடைக்கறி நீண்ட நேரம் நின்றால் நார் நாராகிவிடும். இங்கு எலும்பை மின்வாளில் அறுப்பதால் எலும்புத் தூள் துண்டுகளின் மேல் ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டாகத் தண்ணீரில் கழுவித் துடைத்தால்தான் குழம்பு மணலாகாமல் இருக்கும். மசாலாவுக்கு ஃபோர்ட்ஸ்பர்க்கில் உள்ள ஓரியண்டல் பிளாசாவுக்குப் போகலாம். டர்பனிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் விக்டோரியா தெருச் சந்தையிலிருந்து மிக்ஸ்டு மசாலா கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தச் சிவப்பு நிறமும் காரமும்தான் டர்பன் இருக்கும் நாத்தால் பகுதித் தமிழர் கறியின் அடையாளம்.

முந்தைய நாள் காலை: சுகர் பீன்ஸ்

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தத் தொழிலாளருக்குப் படியளக்கப்பட்டது அரிசியும் பருப்பும் கருவாடும். சிவப்புப் புள்ளி போட்ட இந்த பீன்ஸை அவர்கள் ஊரிலிருந்து மூட்டை கட்டி வரவில்லை. இந்த மண்ணில் பழகி, தங்கள் தாளிப்பைப் போட்டுச் சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

பீன்ஸை இரவே நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இது வெறும் பழக்கம் அல்ல. இந்த வகை அவரைகளில் வயிற்றைக் கலக்கும் ஒரு புரதம் இருக்கிறது. புதுத் தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். குறைந்த சூட்டில் நாள் முழுவதும் வேகும் மின்பாத்திரத்தில் பச்சை பீன்ஸை நேரடியாகப் போடுவது ஆபத்து.

டர்பனில் ஒன்றரை மணி நேரத்தில் வெந்த அதே பீன்ஸ் ஜொகானஸ்பர்க்கில் ஏன் கல்லாகவே நிற்கிறது என்று பலரும் கடைக்காரரைத் திட்டுவார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் வற்றுமே ஒழியச் சூடு ஏறாது. எனவே திறந்த பாத்திரமானால் நேரத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் பிரஷர் குக்கரை எடுக்க வேண்டும். குக்கருக்குள் சூடு அதிகம் என்பதால் ஊறிய பீன்ஸுக்கு அதில் 20 முதல் 25 நிமிடம் போதும். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால் மூன்று தடவையாக வேகவைக்க வேண்டியிருக்கும்.

விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அதுவரை தக்காளியோ புளியோ சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் தோல் இறுகி, வேக வெகு நேரம் ஆகும். வெந்த பிறகு 250 மில்லி எண்ணெயில் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, 1 கிலோ வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, பூண்டு, மசாலா, 1 கிலோ தக்காளி சேர்த்துக் கரையவிட்டு, பீன்ஸை அதன் நீரோடு கொட்டுங்கள். இரண்டு அகப்பை பீன்ஸை மசித்துச் சேர்த்தால் குழம்பு தானே கெட்டியாகும்.

முந்தைய நாள் மதியம்: ஆட்டுக்கறி

கறியை முதல் நாளே செய்யச் சொல்வதற்குச் சுவையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டுக் கொழுப்பு குளிர்ந்த தட்டில் பட்ட மாத்திரத்தில் மெழுகாக உறைந்து, உதட்டிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொள்ளும். கோடையில் தெரியாத இந்தக் குறை ஜூலையில் விருந்தையே கெடுத்துவிடும். முதல் நாள் சமைத்துக் குளிரவைத்தால் கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாகக் கட்டி நிற்கும். கரண்டியால் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். முழுவதையும் எடுத்தால் மணமும் போய்விடும், கால் பங்கை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெருக்கல் கணக்கு. ஒரு கிலோவுக்குப் போடுவதை ஆறால் பெருக்கினால் வெங்காயமும் இறைச்சியும் சரியாக வரும். தண்ணீரும் காரமும் வராது. பெரிய பாத்திரத்தில் ஆவியாவது குறைவு. 6 கிலோ இறைச்சி தானே விடும் நீரே முதல் ஒரு மணி நேரத்துக்குப் போதும். மசாலாவை வீட்டில் கிலோவுக்கு 2 மேசைக்கரண்டி போடுபவராக இருந்தால், 12 கரண்டியை எடுத்து வைத்து, 9 கரண்டி மட்டும் போட்டு, வெந்தபின் ருசி பார்த்து மீதியை முடிவு செய்யுங்கள். உப்புக்கும் இதே நியாயம்தான்.

400 மில்லி எண்ணெயைச் சூடாக்கி, பட்டை, ஏலக்காய், சோம்பு, பிரிஞ்சி இலை போட்டு, 1.5 கிலோ வெங்காயத்தை வதக்குங்கள். நான்கு பேர் சமையலில் பத்து நிமிடத்தில் சிவக்கும் வெங்காயம் இங்கே 30, 40 நிமிடம் எடுக்கும். முதலில் தன் நீரிலேயே வெந்து, பிறகுதான் சிவக்கும். அவசரப்பட்டு வெளுத்த வெங்காயத்தின் மேல் மசாலாவைக் கொட்டுவதே பெருஞ்சமையலில் நான் அதிகமாகப் பார்த்த தவறு. அந்தப் பச்சை வாடையும் இனிப்பும் கடைசிவரை போகாது. வெங்காயம் சிவந்ததும் தீயைத் தணித்து, மசாலா, மஞ்சள், 250 கிராம் இஞ்சிபூண்டு விழுது சேர்த்து, கருகாமல் இரண்டு நிமிடம் கிளறி, இறைச்சியை மூன்று பாகமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பாத்திரத்தின் சூடு இறங்கி எல்லாம் வேகவைத்த இறைச்சி போலாகிவிடும். நீர் வற்றி எண்ணெய் பிரிந்த பிறகு 2 கிலோ தக்காளி, கறிவேப்பிலை, நம் ஊர்க் கறிகளில் தவறாமல் சேரும் இரண்டு தைம் கொத்து. மூடியிட்டு, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம். கால் மணிக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியைத் தொட்டுப் பாருங்கள்.

உருளைக்கிழங்கை இன்று போடாதீர்கள். இங்கே அதற்குக் கிரேவி சோக்கர் என்று செல்லப்பெயர் உண்டு. பெயருக்கேற்ப இரவு முழுவதும் குழம்பைக் குடித்துவிட்டு, காலையில் சூடாக்கும்போது உடைந்து கூழாகும்.

முந்தைய நாள் இரவு: ஆறவைப்பது

யாரும் சொல்லித்தராத பகுதி இது. எனக்கும் ஒருவரும் சொல்லித்தரவில்லை. பல வருடங்களுக்கு முன், வெளியே குளிர்பெட்டியை விடக் குளிராக இருக்கிறதே என்று நம்பி, கறிப் பாத்திரத்தை மூடி போட்டுப் பின்வாசல் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மூடி மேல் உறைபனி. உள்ளே நடுவில் கறி வெதுவெதுப்பாக, நுரை கட்டி, புளித்த வாடையோடு இருந்தது. 20 லிட்டர் குழம்பின் நடுப்பகுதி ஆற அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் கிருமிகளுக்குத் தோதான சூடு. கொட்டிவிட்டு மறுபடி கடைக்கு ஓடினேன்.

ஆகவே கறியையும் பீன்ஸையும் நான்கு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான தட்டுகளில் பரப்புங்கள். ஆவி அடங்கியதும், சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். இடம் போதாவிட்டால் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

விருந்து நாள்

காலையில் கேரட்டைத் துருவி, பச்சைமிளகாய், வினிகர், சிட்டிகை சர்க்கரை சேர்த்துச் சம்பலை முடித்துவிடுங்கள். ரசத்துக்கு 4 லிட்டர் போதும். மிளகைச் சற்றுத் தூக்கலாக இடியுங்கள். சோஜிக்கு 300 கிராம் நெய்யில் ரவையை மணம் வரும்வரை வறுத்து, கொதிக்கும் 2.5 லிட்டர் பாலும் தண்ணீரும் கலந்து ஊற்றி, 500 கிராம் சர்க்கரை, ஏலக்காய், திராட்சை சேர்த்துக் கிளறினால் தீர்ந்தது. ரொட்டி 50 வேண்டும். நீங்களே தேய்த்துச் சுடுவதாக இருந்தால் மற்றதெல்லாம் நின்றுவிடும். விற்கும் வீடுகளில் சொல்லி வைத்து வாங்குங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விருந்தினர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, கொழுப்பு நீக்கிய கறியைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றி மெதுவாகச் சூடாக்குங்கள். விளிம்பில் குமிழி வந்தால் போதாது, நடுவிலும் கொதிக்க வேண்டும். அப்போது பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கைப் போட்டு, அது வெந்ததும் கொத்தமல்லித் தழை தூவி இறக்குங்கள். சோற்றை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவதே பாதுகாப்பான வழி. இந்த அளவுக்குக் கணக்காகத் தண்ணீர் வைத்துப் பொங்கினால் அடி குழையும், மேலே வேகாது. சோற்றை ஒருபோதும் முதல் நாளே செய்து வெளியே வைக்காதீர்கள். சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

இனிக் காத்திருப்பு. அடுப்பில் சிறுதீயில் வைத்தால் சோறு தீயும், கறி வற்றும். கொதிக்கக் கொதிக்க இறக்கி, தடித்த துண்டால் சுற்றி, அதன் மேல் இரண்டு கம்பளிப் போர்வையைப் போர்த்தி, அட்டைப்பெட்டிக்குள் இறக்கி வையுங்கள். பாத்திரம் நிறைந்திருந்தால் இரண்டு, மூன்று மணி நேரம் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். இதே தத்துவத்தில் 2008-இல் தென்னாப்பிரிக்காவில் உருவான வொண்டர்பேக் என்ற சூடு காக்கும் பை பல வீடுகளில் உண்டு. மின்வெட்டு நாட்களில் அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கேஸ் அடுப்பையும் நிரம்பிய சிலிண்டரையும் தயாராக வைத்திருங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் பரிமாறுமுன் குத்திப் பாருங்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும்.

முற்றத்தில் கரி மூட்டிய இம்பாவுலா என்ற தகரக் கணப்பைச் சுற்றி ஆண்கள் நின்று கதை பேசுவது குளிர்காலத்தின் சுகங்களில் ஒன்று. இரவு ஏறியதும் யாராவது அதைத் தூக்கிக் கூடத்துக்குள் கொண்டுவரப் பார்ப்பார்கள். அவர் எவ்வளவு பெரிய மாமாவாக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். மூடிய அறையில் கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, புகையும் கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

பரிமாறுவது

வண்டிச் சத்தம் கேட்டவுடன் ரசத்தைக் கொதிக்கவைத்து, கைப்பிடி உள்ள குவளைகளில் ஊற்றிக் கொடுங்கள். எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்த விரல்களுக்கு அந்தக் குவளையே முதல் உபசாரம். உங்களுக்கும் கறியை இன்னொரு கொதி விட அரை மணி நேரம் கிடைக்கும். தட்டுகளை அடுப்பின் சூட்டறையில் 60 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள், அல்லது வெந்நீரில் முக்கித் துடையுங்கள். எவர்சில்வர் தட்டு நொடியில் குளிர்ந்துவிடும். குளிர்காலத்துக்குக் கனமான பீங்கான்தான் ஏற்றது.

முழுப் பாத்திரத்தையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து, தீரத் தீர நிரப்புங்கள். மீதி போர்வைக்குள் இருக்கட்டும். பெரியவர்களையும் குழந்தைகளையும் முதல் பந்தியில் உட்கார வையுங்கள். எலும்புத் துண்டுகளைப் பார்த்துப் போடுவதற்கு ஒரு நிதானமான கையை நியமியுங்கள், இல்லையென்றால் கடைசிப் பந்திக்கு உருளைக்கிழங்குதான் மிஞ்சும்.

மிஞ்சிய பீன்ஸை அன்றிரவே பரப்பி ஆறவைத்து எடுத்து வையுங்கள். காலையில் நன்றாகக் கொதிக்கவிட்டு, கடையில் விற்கும் வெட்டாத வெள்ளை பிரெட் ரொட்டியைக் கால் கால் பாகமாக நறுக்கி, நடுவைக் குடைந்து, பீன்ஸை நிரப்பி, குடைந்தெடுத்த ரொட்டியையே மூடியாக வைத்தால், திரும்பிப் போகிறவர்கள் வண்டி ஏறுமுன் சூடாகச் சாப்பிட ஒரு பன்னி சௌ தயார். அந்த நேரத்தில் கண்ணாடியில் படிந்த உறைபனியை யாராவது சுரண்டிக்கொண்டிருப்பார்கள். அவருக்கும் ஒரு கால் ரொட்டியை எடுத்து வையுங்கள்.